பழைய கார்பன் ஃபிரேமுக்கு என்ன விலை கேட்கலாம்? 2001ஆம் ஆண்டின் ட்ரெக் 5500ஐ முன்வைத்து

முதலில் நீங்கள் கேட்டதை என் சொற்களில் ஒருமுறை எழுதிக்கொள்கிறேன். உங்களிடம் 2001ஆம் ஆண்டின் ட்ரெக் 5500 ரோடு பைக்கின் கார்பன் ஃபிரேமும், முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவையான ஃபோர்க்கும் இருக்கின்றன. அளவு 56 செ.மீ.; நிறம் அந்தக் காலத்து யு.எஸ். போஸ்டல் என்ற அமெரிக்கச் சைக்கிள் பந்தய அணியுடையது. உடன் வேலை செய்த ஒருவரிடமிருந்து வாங்கிச் சில ஆண்டுகள் ஓட்டிய பிறகு, உதிரிபாகங்களைக் கழற்றிப் பெட்டியில் போட்டுவிட்டு ஃபிரேமை மட்டும் கேரேஜில் மாட்டிவைத்திருக்கிறீர்கள். மிதிகளின் அச்சு சுழலும் பகுதியான பாட்டம் பிராக்கெட்டுக்கு அருகில், கீழ்க்குழாய் வந்து சேரும் இடத்தில், பெயிண்டில் முடியிழை போல ஒரு கோடு தெரிகிறது. உள்ளூர்க் கடைக்காரர் 100 டாலர் தருகிறேன் என்கிறார். இணையத்தில் ஒருவர் அதே மாடலுக்கு 900 டாலர் கேட்கிறார். புதிதாக வாங்கியவர் ஆயிரக்கணக்கில் கொடுத்திருப்பார் என்பதும் உங்களுக்குத் தெரியும். இவற்றில் எதை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். விலையைப் பற்றிய கேள்வியாகத்தான் இது தோன்றுகிறது. ஆனால் பதில் அந்தக் கோட்டில்தான் இருக்கிறது. அது என்னவென்று தெரியும்வரை உங்கள் ஃபிரேமுக்கு இரண்டு விலைகள் உண்டு, அவற்றுக்கு நடுவே உள்ள தூரமும் சிறியதல்ல.

அமெரிக்காவின் மத்திய மேற்கில் ஒரு சைக்கிள் கடையின் பட்டறையில் நீண்ட காலம் வேலை பார்த்தவன் நான். பழைய வண்டிகளை எடுத்துக்கொண்டு புதிய வண்டி கொடுக்கும் கணக்கும் அங்கே என் பொறுப்பில் இருந்தது. இந்த வகை ட்ரெக் ஃபிரேம்கள் அடிக்கடி மேசைக்கு வந்தன. ஆகவே ஃபிரேமின் கட்டமைப்பைப் பற்றியும், விலை எப்படி முடிவாகிறது என்பதைப் பற்றியும் உறுதியாகவே பேச முடியும். கீழே தரும் டாலர் எண்கள் அப்படியல்ல. அவை இன்றைய சந்தையைப் பார்த்து நான் போடும் மதிப்பு, வேறொருவர் ஐம்பது டாலர் கூட்டியோ குறைத்தோ சொன்னால் அவரோடு வாதிட மாட்டேன். கோட்டைப் பொறுத்தவரை, ஃபிரேமைக் கையில் எடுத்துப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்வது யாராலும் இயலாது. புகைப்படத்தைப் பார்த்து “ஒன்றும் இல்லை, ஓட்டுங்கள்” என்று எழுதுகிறவர்களின் சொல்லை ஏற்காதீர்கள்.

வாங்கிய விலையை முதலில் மறந்துவிடுங்கள். பழைய நகையை விற்கப் போனால் செய்கூலி, சேதாரம் எல்லாம் கழிந்தாலும் தங்கத்தின் எடைக்கு ஒரு விலை மிஞ்சும். கார்பன் ஃபிரேமில் அப்படி மிஞ்சுவதற்கு எதுவும் இல்லை. எபாக்சிப் பிசினில் ஊறி இறுகிய நாரை ஒரு கிலோ ஃபிரேமிலிருந்து பிரித்தெடுத்து விற்க யாரும் முன்வருவதில்லை. எஃகு ஃபிரேமில் ஒரு குழாய் நெளிந்தால் அதை மாற்றிப் பற்றவைக்கத் தெரிந்த கைவினைஞர்கள் இருக்கிறார்கள், கடைசியில் பழைய இரும்பாகவாவது போகும். கார்பனில் ‘ஓட்டத் தகுந்தது’ என்ற ஒன்றுதான் விலைக்கு அடிப்படை. அதில் ஐயம் நுழைந்ததும் விலை படிப்படியாக இறங்குவதில்லை, ஒரேயடியாகச் சரிகிறது. வாங்குபவர் தன் முன்பற்களைப் பணயம் வைக்கிறார் என்பதை நினைத்துப் பார்த்தால் அதில் வியப்பில்லை.

இனி இந்த ஃபிரேம் என்னவென்று பார்ப்போம். ட்ரெக் நிறுவனம் விஸ்கான்சின் மாநிலத்தின் வாட்டர்லூ ஊரில் உள்ள தன் ஆலையில் 1992இல் ஓ.சி.எல்.வி. என்ற பெயரில் கார்பன் ஃபிரேம்களைச் செய்யத் தொடங்கியது. அடுக்குகளை அழுத்தி இறுக்கி, நடுவே காற்றுக்குமிழ்கள் தங்காமல் செய்யும் முறையைக் குறிக்கும் பெயர் அது. குழாய்களும் அவற்றை இணைக்கும் மூட்டுகளும் தனித்தனியாகக் கார்பனில் வார்க்கப்பட்டுப் பசையால் ஒட்டப்பட்டன. பாட்டம் பிராக்கெட்டின் மரை உள்ள உருளையும் பின்சக்கரத்தைப் பிடிக்கும் முனைகளும் அலுமினியத்தில் செய்து கார்பனோடு ஒட்டப்பட்டன. இந்தக் கடைசி வரியை நினைவில் வையுங்கள், மீண்டும் தேவைப்படும். 5200, 5500 ஆகிய இரண்டும் ஒரே வகை ஃபிரேம்தான். 5200இல் ஷிமானோ நிறுவனத்தின் அல்டெக்ரா வரிசைக் கியர், பிரேக் பாகங்கள் வந்தன, 5500இல் அதற்கு மேல்நிலையான டுராஏஸ். பாகங்களைக் கழற்றிவிட்ட பிறகு, வெறும் ஃபிரேமாக 5500க்கு 5200ஐவிடக் கூடுதல் மதிப்பு இருக்க வேண்டிய காரணம் பெயரும் நிறமும் மட்டுமே.

யு.எஸ். போஸ்டல் நிறத்தைப் பற்றிப் பலரும் தவறாகக் கணக்குப் போடுகிறார்கள். 1999இல் அந்த அணியின் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் டூர் டி பிரான்ஸில் முதலாவதாக வந்தது 5500இல்தான். அதன் பிறகு அந்த நிற வண்டிகள் அமெரிக்கா முழுவதும் ஏராளமாக விற்றன. 2012இல் ஊக்கமருந்து விசாரணைக்குப் பின் 1999 முதல் 2005 வரையிலான அவருடைய ஏழு வெற்றிகளும் பறிக்கப்பட்டன. அதனால் அந்த நிறத்தை வெறுப்பவர்களும் உண்டு, அந்தக் காலத்தின் அடையாளமாகத் தேடி வாங்குபவர்களும் உண்டு. நான் பார்த்தவரை பின்னவர்களின் எண்ணிக்கை மெல்லக் கூடிவருகிறது. ஆனால் அவர்கள் தேடுவது ஸ்டிக்கர் உரியாத, மூலப் பாகங்களோடு கூடிய முழு வண்டியை. தனி ஃபிரேமுக்கு இந்த நிறம் விற்பனையை விரைவுபடுத்தும், விலையை இரட்டிப்பாக்காது.

சேகரிப்பாளர் சந்தை என்பது என்ன என்று தெரிய இத்தாலியக் கொல்னாகோ நிறுவனத்தின் சி40 என்ற கார்பன் வண்டியை அருகில் வைத்துப் பார்க்கலாம். எர்னெஸ்டோ கொல்னாகோ தன் நிறுவனத்தின் நாற்பதாம் ஆண்டையொட்டி 1994இல் அதை வெளியிட்டார். கொல்னாகோ வண்டிகளை ஓட்டிய மாப்பேய் அணி 1995, 1996, 1998, 1999, 2000 ஆகிய ஐந்து ஆண்டுகளில், கல் பாவிய பாதைகளுக்குப் பெயர்பெற்ற பிரான்ஸின் பாரி-ரூபே பந்தயத்தை வென்றது. அத்தகைய பாதையில் கார்பன் தாங்காது என்ற அச்சத்தைப் போக்கியதில் சி40க்குப் பங்கு உண்டு. கையால் பூசிய நிறங்கள், ஒப்பீட்டளவில் குறைந்த உற்பத்தி, அந்த வரலாறு எல்லாம் சேர்ந்து, உங்கள் ட்ரெக்கைவிடப் பழைய ஒரு சி40 இன்றும் அதைப் போலப் பல மடங்கு விலை போகிறது. வயதோ எடையோ இதற்குக் காரணமல்ல. ஓட்டாமல் சுவரில் மாட்டிவைக்கவும் அதை வாங்க ஆள் இருக்கிறார் என்பதே காரணம். ட்ரெக் 5500 பொறியியலில் எந்த வகையிலும் தாழ்ந்ததல்ல, ஆனால் அது ஏராளமாகச் செய்யப்பட்ட, ஏராளமாக எஞ்சியிருக்கும் வண்டி. ஆகவே உங்கள் வாடிக்கையாளர் பெரும்பாலும் ஓட்டுவதற்காக வாங்குபவராகத்தான் இருப்பார், அவர் உங்கள் ஃபிரேமைச் சில நூறு டாலருக்குக் கிடைக்கும் மற்ற எல்லா ஃபிரேம்களோடும் ஒப்பிடுவார்.

இப்போது கோட்டுக்கு வருகிறேன். கார்பன் வயதாவதாலேயே கெட்டுப்போகும் என்ற பேச்சு பரவலாக உண்டு. அதை நான் ஏற்பதில்லை. பெயிண்ட் மூடியிருக்கும்வரை வெயிலின் புறஊதாக் கதிர் பிசினைத் தொடுவதில்லை, நாரோ களைப்பைத் தாங்குவதில் அலுமினியத்தைவிட மேலானது. பழைய கார்பன் ஃபிரேம்கள் வீணாவதற்குக் காரணங்கள் வேறு: விழுந்த அடி, தவறான இடத்தில் இறுக்கிய கிளாம்ப், பின்குழாயில் சங்கிலி சிக்கி அறுத்த தடம், அலுமினியமும் கார்பனும் ஒட்டிய இடத்தில் ஏற்படும் அரிப்பு. கடைசியானது உங்கள் வகை ஃபிரேமில் முதன்மையானது. உப்புள்ள ஈரம் நடுவே வந்தால் கார்பனோடு தொட்டிருக்கும் அலுமினியம்தான் அரிபடும்; பனிக்காலத்தில் உப்புத் தூவிய சாலைகளில் ஓடிய வண்டியும், வீட்டுக்குள் டிரெய்னரில் பொருத்தி வியர்வை சொட்டச் சொட்ட மிதித்த வண்டியும் இதற்கு எளிதில் ஆளாகின்றன. முன்பு ஓட்டியவர் எந்த ஊரில், எந்த மாதங்களில் ஓட்டினார் என்று அவரிடம் கேட்க முடிந்தால் கேளுங்கள்.

நீங்கள் சொல்லும் இடத்தில் தெரியும் கோட்டுக்கு மூன்று விளக்கங்கள் உண்டு. முதலாவது, குழாயும் மூட்டும் சேரும் விளிம்பில் பசையின் மேல் பூசிய நிரப்பியும் பெயிண்டும் காலப்போக்கில் சுருங்கி வெடித்திருப்பது. இது தோற்றக் குறை மட்டுமே, இந்த ஃபிரேம்களில் அடிக்கடி காணப்படுவது. இரண்டாவது, உள்ளே உள்ள அலுமினிய உருளை கார்பனிலிருந்து விடுபடத் தொடங்கி, மிதிக்கும்போதெல்லாம் நூலளவு அசைந்து, அந்த அசைவு மேலே பெயிண்டில் தெரிவது. மூன்றாவது, அடிபட்டுக் கார்பன் அடுக்கே விரிசல் கண்டிருப்பது. கோடு மூட்டின் விளிம்போடு ஒட்டி வட்டமாக, ஒழுங்காக ஓடினால் முதலாவதற்கு வாய்ப்பு அதிகம். விளிம்பைவிட்டு விலகிக் குழாயின் உடலுக்குள் கோணலாகப் போனால் மூன்றாவதை அஞ்ச வேண்டும். அலுமினியத்துக்கு அருகே பெயிண்ட் கொப்பளித்து, வெண்பொடி கசிந்திருந்தால் இரண்டாவதன் அறிகுறி. ஓட்டிய கடைசி மாதங்களில் ஒவ்வொரு மிதிக்கும் அங்கிருந்து கிறீச்சென்ற ஒலி வந்ததா என்பதையும் நினைவுபடுத்திப் பாருங்கள். உதிரிபாகத்தை மாற்றியும் போகாத ஒலி என்றால் அது நல்ல செய்தி அல்ல.

வீட்டிலேயே செய்யக்கூடியவை சில. அந்த இடத்தை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்து, நல்ல வெளிச்சத்தில் உருப்பெருக்கியால் பாருங்கள். கோட்டின் மேல் பஞ்சை உரசி இழுத்துப் பாருங்கள், நார் வெளியே வந்திருந்தால் பஞ்சு சிக்கும். பாட்டம் பிராக்கெட் கழன்றிருப்பதால் உருளையின் உட்புறத்தையும் பார்க்கலாம். உருளை தனியே அசைகிறதா, கழற்றும்போது அதுவும் சேர்ந்து திரும்பியதா என்பது எல்லாவற்றையும்விட முக்கியமான சான்று. செல்பேசியோடு இணையும் மலிவான எண்டோஸ்கோப் கேமராவைச் சீட்டுக் குழாய் வழியே விட்டால் உள்ளடுக்கும் தெரியும். நாணயத்தால் தட்டிக் கேட்கும் சோதனையைப் பலர் பரிந்துரைப்பார்கள்: நல்ல இடத்தில் ஒலி கணீரென்றும், அடுக்கு பிரிந்த இடத்தில் மந்தமாகவும் கேட்கும் என்பது உண்மைதான். ஒரே கனமுள்ள நீண்ட குழாயின் நடுவில் அது பயன்படும். மூட்டுக்கருகில் கனம் அங்குலத்துக்கு அங்குலம் மாறுவதால் ஒலியும் மாறும், நல்ல ஃபிரேமையே கெட்டது என்று காட்டும். உங்கள் கோடு இருப்பது அத்தகைய இடத்தில் என்பதால் அந்தச் சோதனையை வைத்து எதையும் முடிவுசெய்யாதீர்கள்.

கோட்டில் கவனம் போனதில் மற்ற இடங்களை விட்டுவிட வேண்டாம். முன்புறம் மோதிய வண்டியில் தலைக்குழாய்க்குச் சற்றுப் பின்னால், மேல்குழாய், கீழ்க்குழாய் ஆகியவற்றின் அடிப்பக்கத்தில் பெயிண்ட் சுருங்கியோ வெடித்தோ இருக்கும். ஃபோர்க்கைக் கழற்றி, தலைக்குழாய்க்குள் நுழையும் அதன் தண்டான ஸ்டீரர் குழாய் கிளையாகப் பிரியும் இடத்தையும், கைப்பிடியைத் தாங்கும் ஸ்டெம் இறுக்கிய இடத்தையும் பாருங்கள். ஸ்டீரர் குட்டையாக வெட்டப்பட்டிருந்தால் உயரமான கைப்பிடி வேண்டுகிறவர்கள் விலகிவிடுவார்கள். மீதமுள்ள நீளத்தை மில்லிமீட்டரில் அளந்து எழுதுங்கள். அதன் வெளிவிட்டம் 25.4 மி.மீ.யா 28.6 மி.மீ.யா என்பதும் தெரிய வேண்டும். தொண்ணூறுகளின் ஓ.சி.எல்.வி. ஃபிரேம்களில் இருந்த 25.4 மி.மீ. அளவுக்கு இன்று ஸ்டெம்மும் மாற்று ஃபோர்க்கும் கிடைப்பது அரிது, 28.6 மி.மீ. என்றால் அந்தத் தொல்லை இல்லை. மூல ஃபோர்க் இல்லாத ஃபிரேமின் விலை ஏறத்தாழ பாதியாகும், ஆகவே அதைத் தனியே விற்கும் எண்ணம் இருந்தால் கைவிடுங்கள். ஃபோர்க், ஃபிரேம் இரண்டின் மாடலையும் அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் தளத்தில் தேடி, திரும்பப் பெறும் அறிவிப்பு ஏதும் வந்திருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். ட்ரெக்கின் ஆயுட்கால உத்தரவாதம் முதல் உரிமையாளருக்கானது. இரண்டாம் கையாக வாங்கிய உங்களுக்கும், உங்களிடம் வாங்குபவருக்கும் அது துணைவராது.

வல்லுநரிடம் காட்டலாமா என்றால், காட்டலாம். கார்பன் பழுது பார்க்கும் பட்டறைகள் அமெரிக்காவில் பல உள்ளன. கலிஃபோர்னியாவின் கால்ஃபீ டிசைன் இந்த வேலையில் பழம்பெயர். அல்ட்ராசவுண்ட் கருவியால் அடுக்குப் பிரிவைக் கண்டுபிடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் கணக்கு இடிக்கிறது. ஒரு பழுதுக்குச் சில நூறு டாலர் ஆகும், ஃபிரேமின் விலையும் அதே சில நூறுதான். நீங்களே ஓட்டப்போகிறீர்கள் என்றால் அந்தச் செலவில் பொருள் உண்டு. விற்பதற்காகப் பழுது பார்ப்பது நட்டக் கணக்கு. அருகில் நம்பிக்கையான மெக்கானிக் இருந்தால், பட்டறைக் கட்டணத்தைக் கொடுத்து அவரை நேரில் பார்க்கச் சொல்லி, அவர் சொன்னதை எழுத்தில் வாங்கிக்கொள்வது போதும். அந்த ஒரு தாளுக்கு அதன் செலவைவிட அதிகமாகவே விற்பனையில் திரும்பக் கிடைக்கும்.

அடுத்தது, இந்த ஃபிரேமில் இன்றைய பாகங்கள் பொருந்துமா என்பது. இங்கே உங்களுக்குச் சாதகமும் உண்டு, பாதகமும் உண்டு. பாட்டம் பிராக்கெட் 68 மி.மீ. அகலத்தில் ஆங்கில மரை கொண்டது. பின்னால் வந்த ஃபிரேம்களில் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு அழுத்திப் பொருத்தும் முறையைக் கொண்டுவந்து மெக்கானிக்குகளைப் பாடாய்ப் படுத்தியதை நினைத்தால், பழைய மரையை விரும்பி வாங்குபவர்களை நான் புரிந்துகொள்கிறேன். பின்சக்கர இடைவெளி 130 மி.மீ. என்பதால் 9, 10, 11 கியர் தொகுப்புகள் எல்லாம் ஏறும். கம்பியற்ற எலெக்ட்ரானிக் கியரை ஸ்ராம் நிறுவனம் 2015இல் கொண்டுவந்த பிறகு, ஒயர் ஓடத் துளை இல்லையே என்ற குறையும் மறைந்தது. பாதகம் பிரேக்கிலும் டயரிலும் இருக்கிறது. சர்வதேசச் சைக்கிள் சம்மேளனம் 2018 ஜூலையில் ரோடு பந்தயங்களுக்கு டிஸ்க் பிரேக்கை முழுமையாக அனுமதித்த பின், நிறுவனங்கள், சக்கரத்தின் விளிம்பைப் பிடிக்கும் ரிம் பிரேக்கை (உங்கள் ஃபிரேமில் பொருந்துவது இதுதான்) மளமளவென்று கைவிட்டன. ஷிமானோ 2023இல் வெளியிட்ட கம்பியால் இயங்கும், 105 என்ற பெயருடைய 12 கியர் தொகுப்பு டிஸ்க்குக்கு மட்டுமே வந்தது. இன்று 28 முதல் 32 மி.மீ. டயர் சாதாரணமாகிவிட்ட நிலையில், உங்கள் ஃபிரேமில் 25 மி.மீ. டயரே இடுக்கிக்கொண்டு நிற்கலாம். புதிதாகச் சைக்கிள் வாங்க வருகிற இளைஞருக்கு இது பழைய காலத்து வண்டி. உங்களுக்கு மிஞ்சுபவர், ரிம் பிரேக்கைப் பழகிய, தன் பெட்டியில் பழைய சக்கரங்களை வைத்திருக்கிற ஒருவர். அவர் இருக்கிறார், ஆனால் அவசரப்பட மாட்டார்.

விலையைத் தேடும் முறைக்கு வருகிறேன். நீங்கள் பார்த்த 900 டாலர், ஒருவர் கேட்கும் விலை. மாதக்கணக்கில் விற்காமல் கிடக்கும் விளம்பரங்கள்தான் தேடும்போது முதலில் கண்ணில் படுகின்றன, நியாயமான விலையில் வந்தவை உடனே விற்று மறைந்துவிடுகின்றன. ஈபேயில் விற்றுமுடிந்தவற்றை மட்டும் காட்டும் வடிகட்டி இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். அது ஏறக்குறைய கடந்த மூன்று மாதங்களைத்தான் காட்டும். விற்பனையாளர் கணக்கு வைத்திருந்தால் அதனுள் உள்ள டெராபீக் என்ற வசதி இன்னும் நீண்ட காலத்தைக் காட்டும். பேரம் ஏற்றுக்கொள்ளப்பட்ட விற்பனைகளில் பொதுப் பக்கத்தில் தெரியும் எண் கேட்ட விலையே, கைமாறிய தொகை அதைவிடக் குறைவு. பைசைக்கிள் புளூ புக் போன்ற விலைப்பட்டியல்கள் முழு வண்டிக்கு ஓரளவு உதவும், இருபது ஆண்டு கடந்த தனி ஃபிரேமுக்கு அவற்றை நான் நம்புவதில்லை. 2020, 2021 ஆண்டுகளின் விலைகளை எங்காவது கண்டால் ஒதுக்கிவிடுங்கள். பெருந்தொற்றுக் காலத்தில் சைக்கிளே கிடைக்காமல் எல்லாம் ஏறியிருந்தது, பிறகு கிடங்குகள் நிரம்பி, தள்ளுபடிகள் வந்து, பழைய வண்டிகளின் விலையும் சேர்ந்து இறங்கியது.

ஒப்பிடும்போது 5500ஐ மட்டும் பார்க்காமல் 5200ஐயும், ஒரே ஃபிரேம் என்பதால், சேர்த்துப் பாருங்கள். அப்போது போதிய எண்ணிக்கை கிடைக்கும். அளவையும் கவனியுங்கள்: 54 முதல் 58 வரை கேட்பவர்கள் அதிகம், 50க்கோ 62க்கோ ஆள் தேட வேண்டும், ஆகவே உங்கள் 56 நல்ல அளவு. பருவமும் உண்டு. வடமாநிலங்களில் நவம்பரில் போடும் விளம்பரத்தை ஏப்ரலில் போட்டால் அதே ஃபிரேமுக்கு அழைப்பு கூடும்.

என் மதிப்பு இது. கோடு பெயிண்டில் மட்டும் என்று நேரில் பார்த்த மெக்கானிக் எழுதிக்கொடுத்து, ஃபோர்க்கும் அது திரும்ப உதவும் பேரிங் தொகுதியான ஹெட்செட்டும் சேர்ந்து, நிறமும் ஸ்டிக்கரும் பெரும்பாலும் நன்றாக இருந்தால், 250 முதல் 350 டாலர். அணி நிறத்தைத் தேடும் ஒருவர் கண்ணில் பட்டால் 400 வரை போகலாம், ஆனால் அதை எதிர்பார்த்துக் காத்திருப்பதில் பயனில்லை. கோட்டைப் பற்றி எதுவும் தெரியாமல், உள்ளபடியே சொல்லி விற்றால் 80 முதல் 150. அலுமினிய உருளை விடுபட்டிருந்தாலோ அடுக்கு விரிந்திருந்தாலோ ஃபிரேமுக்கு விலை இல்லை. நல்ல நிலையில் உள்ள ஃபோர்க்குக்கும் சிறு பாகங்களுக்கும் மட்டும் ஏதாவது கிடைக்கும்.

இந்தக் கணக்கில் வைத்துப் பார்த்தால், 100 டாலர் தருகிறேன் என்ற கடைக்காரர் உங்களை ஏமாற்றுகிறார் என்று நான் சொல்ல மாட்டேன். அடிமாட்டு விலை என்று உங்களுக்குத் தோன்றலாம். அவர் அதைத் துடைத்து, சோதித்து, படம் எடுத்து, மாதக்கணக்கில் இடம் கொடுத்து வைத்திருக்க வேண்டும். விற்ற பின் ஏதாவது நடந்தால் பொறுப்பும் அவர் தலையில் விழும். நீங்களே ஈபேயில் 300 டாலருக்கு விற்றதாக வைத்துக்கொள்வோம். தளத்தின் கட்டணம் சுமார் 13 விழுக்காடு, அதாவது 39 டாலர். பெட்டிக்கும் அனுப்பும் செலவுக்கும் 80 டாலர் என்றால் கைக்கு வருவது சுமார் 180. இன்றே கிடைக்கும் 100க்கும் சில வாரங்கள் கழித்துக் கிடைக்கும் 180க்கும் உள்ள வேறுபாடு உங்கள் நேரத்துக்கு ஈடாகுமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். நேரில் வந்து பார்த்து வாங்கும் உள்ளூர்க்காரருக்கு 220க்குக் கொடுத்தால் இரண்டையும்விட மேல். பழைய கார்பன் ஃபிரேமை நேரில் விற்பதையே நான் விரும்புவேன். வாங்குபவர் தன் கண்ணால் கோட்டைப் பார்த்துவிட்டால் பிறகு வழியில் உடைந்தது, படத்தில் தெரியவில்லை என்ற தகராறு வராது.

நீங்கள் போகிற போக்கில் சொன்ன பெட்டி என் கவனத்தை ஈர்த்தது. அதில் இருப்பவை வண்டியோடு வந்த டுராஏஸ் 9 கியர் பாகங்கள் என்றால், அவை ஷிமானோவின் 7700 வரிசையைச் சேர்ந்தவை. மெருகு கெடாத நிலையில் அவற்றின் மொத்த விலை ஃபிரேமின் விலையைத் தாண்டக்கூடும். பிரேக் பிடியோடு இணைந்த கியர் லீவர்கள் இரண்டும் தடையின்றிச் சொடுக்குகின்றனவா என்று பாருங்கள், தேய்ந்தால் பழுது பார்க்க முடியாத பாகம் அதுதான். ஃபிரேம் நல்லது என்று உறுதியானால், எல்லாவற்றையும் மாட்டி, புதிய கேபிளும் டயரும் போட்டு, ஓடுகிற முழு வண்டியாக விற்பது எனக்குச் சரியாகப் படுகிறது. நான் முன்பு சொன்ன சேகரிப்பாளரும் அப்போதுதான் திரும்பிப் பார்ப்பார். ஃபிரேமில் ஐயம் தீராவிட்டால் அதில் எதையும் மாட்டாமல் பாகங்களைத் தனித்தனியே விற்றுவிடுங்கள்.

விளம்பரத்தில் எழுத வேண்டியவை அதிகமில்லை: மாடல், ஆண்டு, சீட்டுக் குழாயின் நீளம், மேல்குழாயின் நீளம், ஸ்டீரரின் விட்டமும் மீத நீளமும், பாட்டம் பிராக்கெட் மரை, எந்த டயர்வரை ஏறும் என்பது. ஆண்டில் ஐயம் இருந்தால், ஆர்வலர்கள் இணையத்தில் சேமித்து வைத்திருக்கும் பழைய ட்ரெக் விலைப்பட்டியல்களில் நிறத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். பாட்டம் பிராக்கெட்டின் அடியில் உள்ள வரிசை எண்ணை பைக் இண்டெக்ஸ் போன்ற திருட்டுப் பதிவேட்டில் தேடிவிட்டு, “தேடியாயிற்று” என்று எழுதுங்கள்; இரண்டாம் கையாக வாங்கிய வண்டிக்கு இது உங்களுக்கே பாதுகாப்பு. கோட்டைத் தனிப் படமாக, பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்து, முதல் நான்கு படங்களுக்குள் போடுங்கள். அதை மறைத்து 300 வாங்குவதைவிடக் காட்டி 150 வாங்குவது மேல் என்று சொல்வதற்கு நேர்மை ஒரு காரணம். மற்றொன்று, பழைய கார்பன் வாங்குகிறவர் முதலில் பெரிதாக்கிப் பார்ப்பது பாட்டம் பிராக்கெட்டைத்தான், அந்தப் படம் இல்லாத விளம்பரத்தை அவர் கடந்துபோய்விடுவார்.

சோதனையில் ஃபிரேம் தகுதியற்றது என்று தெரிந்தால் யாருக்கும் இலவசமாகக்கூடக் கொடுக்காதீர்கள், குப்பைத்தொட்டி அருகேயும் சாத்திவைக்காதீர்கள். யாராவது எடுத்துச் சென்று பெயிண்ட் அடித்து விற்பார்கள், அதை நான் பார்த்திருக்கிறேன். கீழ்க்குழாயை இரம்பத்தால் குறுக்கே அறுத்துவிட்டு அப்புறப்படுத்துங்கள். அறுக்கும்போது முகமூடியும் கையுறையும் அவசியம், கார்பன் தூசி மூச்சுக்கும் தோலுக்கும் ஆகாது. துணியை நனைத்துச் சுற்றிக்கொண்டு அறுத்தால் தூசி பறக்காது.